குறிஞ்சி பாலையான கதை

அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலங்களும் வேற்றுக்கோள் உயிர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அவ்வகை எழுத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பார்வையற்றோர் நாடு' என்னும் சிறுகதையில் விண்கலமும் இல்லை. விந்தை எந்திரமும் இல்லை. ஒரு மலையும் அதனுள் ஒளிந்த ஒரு பள்ளத்தாக்குமே உள்ளன. ஆயினும் தப்பிச் செல்லுதல் என்பதன் பொருளை அக்கதை ஆராய்ந்த அளவுக்கு வேறு கதைகள் ஆராய்ந்தனவா என்பது ஐயமே.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், ஸ்பானிய ஆட்சியாளன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சிய சில குடும்பங்கள் எவரும் ஏற இயலாத மலையிடுக்குகளைக் கடந்து ஒரு பள்ளத்தாக்கில் குடியேறுகின்றன. நல்ல நீர், நல்ல மண், நல்ல காற்று. ஆனால் விந்தையான நோய் ஒன்று அங்குப் பிறக்கும் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கிறது. தங்களிடையே குரு இல்லை, கோவில் எழுப்பவில்லை, அதனால்தான் இத்தண்டனை என்று அம்மக்கள் எண்ணுகின்றனர். தம்மிடமிருந்த வெள்ளியைத் திரட்டி ஓர் இளைஞனிடம் கொடுத்து, மருந்தும் அருளும் தேடிவரக் கீழே அனுப்புகின்றனர். அவன் இறங்கி வந்த காலத்தில் நிலம் நடுங்குகிறது, மலை சரிகிறது, வந்த வழி அடைபட்டுப் போகிறது. அவன் மனைவியும் குழந்தையும் மேலே, அவன் கீழே. இறுதியில் சுரங்கத்தில் தண்டனைக் கைதியாக அவன் மடிகிறான். மேலே பதினைந்து தலைமுறை கழிகிறது. பார்வை என்ற சொல்லையே அம்மக்கள் மறந்துவிடுகின்றனர்.

பின்னொரு நாள் நூனியெஸ் என்னும் மலையேறி கால் தவறி அப்பள்ளத்தாக்கில் விழுகிறான். கண்ணுள்ள தான் அங்கே அரசனாகலாம் என்று கருதுகிறான். அவர்களோ அவன் கண்களையே நோய் என்கின்றனர். அவன் விரும்பிய பெண்ணை மணக்க வேண்டுமாயின் கண்களை அகற்றிக்கொள்ள வேண்டும் என்கின்றனர். அவனும் முதலில் இசைகிறான். குறித்த நாளின் காலையில் கதிரவன் ஒளியைக் கண்டதும் மனம் மாறி, ஏற இயலாத அந்த மலையில் ஏறத் தொடங்குகிறான். இரவில் உடல் கிழிந்தவனாய், விண்மீன்களின் கீழ் அமைதியாய்ப் படுத்திருக்கிறான். அவன் பிழைத்தானா என்பதை வெல்ஸ் அப்போது சொல்லவில்லை.

இக்கதையில் ஒரே மலை மூன்று முறை தோன்றுகிறது. ஓடி வந்தோர்க்கு அது அரண். அவர்தம் பிள்ளைகளுக்கு அது சிறை. நூனியெஸுக்கு அது விடுதலையின் படிக்கட்டு. மலை மாறவில்லை; வழியே மாறியது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் ஆண்டிஸ் மலைக்குச் செல்வதில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, வானத்தின் விளிம்பில் நீலமாய்த் தெரியும் கல்வராயன் மலைக்கே செல்கிறது.

பாலைக்கு நிலம் இல்லை

ஆபத்தான நிலத்தைக் கடந்து தப்பிச் செல்லுதல் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. தலைவியும் தலைவனும் ஊரார் அறியாமல் புறப்படும் உடன்போக்கு, பாலைத் திணைக்கு உரிய பொருள். அங்கே பாலை வெறும் பின்புலம் அன்று. நீரற்ற சுனை, நிழலற்ற மரம், வழிப்பறி செய்யும் ஆறலைக் கள்வர் எனக் காலைத் தடுக்கும் தடைகள் யாவும் அங்கே பிரிவின் துயரத்தையும் அன்பின் உறுதியையும் காட்டும் உருவங்களாகவும் நிற்கின்றன. தடையே குறியீடாக நிற்கும் இந்நுட்பத்தை நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இலக்கணமாக வகுத்துவிட்டனர்.

இதில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கே நிலம் கூறுகிறது; பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு, நலம் இழந்து, துயர் தரும் நிலையை அடையும்போது பாலை எனும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் விளக்குகிறார். அதாவது, பாலை படைக்கப்பட்டதன்று, ஆக்கப்பட்டது. இளங்கோ கூறிய காரணம் கதிரவனின் வெம்மை. குறிஞ்சியைப் பாலையாக்க வேறு வெம்மைகளும் உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது.

பறம்பிலிருந்து பெண்ணைக்கு

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் வட எல்லையில் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் உள்ளது. தமிழ் மரபு நினைவில் வைத்திருக்கும் மிகத் துயரமான தப்பிப் பயணம் ஒன்று முடிந்த இடம் அது.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். மலை அவனுக்குக் கோட்டையாய் நின்றது. உள்ளே தினையும் தேனும் கிழங்கும் இருந்தன. ஆயினும் பாரி வீழ்ந்தான். அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு புலவர் கபிலர் வழிநடந்தார். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார், இருவரும் மறுத்தனர். இறுதியில் பாரி மகளை மலையமானுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே காட்டுகின்றனர். கபிலரின் பயணத்தில் கொடிய பாலை எது? காடா, மலையா? இல்லை. அடைக்கலம் கேட்டு நின்ற வாயில்களில் மூடிய கதவுகளே.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இதே வட்டாரம் தந்திருக்கிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம்தான் பழைய செங்கண்மா. அதன் தலைவன் நன்னன்சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்ற கூத்தன், இன்னும் பெறாத கூத்தனுக்கு மலைவழியைச் சொல்லும் நூல் அது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எப்படி வரும், பாசி படிந்து வழுக்கும் இடத்தை எப்படிக் கடப்பது என்று ஆபத்துகளை ஒவ்வொன்றாய் அது கூறுகிறது. வழி தவறினால் கானவர் வந்து உதவுவர், குறவர் வீட்டில் உணவு கிடைக்கும் என்றும் தேற்றுகிறது. அங்கே மலை அஞ்சத்தக்கதே. ஆனால் பாலை அன்று. வழி சொல்பவன் ஒருவன் கீழே இருக்கிறான்; வரவேற்பவன் ஒருவன் மேலே இருக்கிறான். இவ்விருவரும் உள்ளவரை எந்த மலையும் குறிஞ்சியே.

காஞ்சியை விட்டு வந்தோர்

கல்வராயன் மலைத்தொடர் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் கூறுவர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிக்கு வெள்ளிமலையும், சேலம் மாவட்டப் பகுதிக்குக் கருமந்துறையும் முதன்மை ஊர்கள். கோமுகி ஆறு இம்மலையில்தான் பிறக்கிறது.

இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களோடு பெயர் ஒற்றுமை தவிர இவர்களுக்கு வேறு தொடர்பில்லை, பேசுவது தமிழே. இவர்கள் தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கூறிக்கொள்வதை எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் பதிந்துள்ளார். பத்துத் தலைமுறைக்கு முன், ஆட்சி மாறிய குழப்பக் காலத்தில், மூன்று உடன்பிறந்தார் காஞ்சியை விட்டுப் புறப்பட்டனராம். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லி மலைக்கும், இளையவர் பச்சை மலைக்கும் சென்றனராம். அவர்கள் வழியினரே இம்மலைகளில் பரவினர் என்பது மரபு.

இது எழுதிவைத்த வரலாறு அன்று. நினைவில் வந்த வரலாறு. ஆண்டையும் அரசனையும் இதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஒரு மக்கள் குழு தன் தொடக்கத்தை எப்படி நினைவுகூர்கிறது என்பதற்கு மதிப்புண்டு. வென்று வந்தோம் என்று இவர்கள் சொல்லவில்லை. தப்பி வந்தோம் என்கின்றனர். குதிரை ஏறாத சரிவும், படை நுழையாத காடும், காய்ச்சல் தரும் பள்ளமும் சமவெளி மனிதனை அச்சுறுத்தின. அந்த அச்சமே இவர்களுக்கு அரணாயிற்று. எகிப்தை விட்டு வந்த இஸ்ரயேலர்க்குச் செங்கடல் எதுவோ, அதுவே இவர்களுக்கு இம்மலைச் சரிவு. ஓடுபவனுக்கு முன்னே தடை. கடந்தபின் துரத்துபவனுக்குத் தடை.

வழி அடைபட்ட காலம்

வெல்ஸின் கதையில் மலை சரிந்து வழியை அடைத்தது. கல்வராயனில் வழியை அடைத்தது மண்ணும் கல்லும் அன்று, உரிமைச் சீட்டு.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. விசயநகர வேந்தர் காலத்துக் கொடையால் வந்த உரிமை என்று மரபு கூறும். மலைமக்கள் தாங்கள் திருத்திய நிலத்துக்கு இவர்களுக்கு வரி செலுத்தினர். கூலியின்றி இவர்கள் நிலத்தில் உழைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. இம்முறை நின்றபடியே நின்றது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல் சென்னை மாகாணத்தில் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் பெரிய பெரிய சமீன்கள் மறைந்தன. மலைமேல் சாகிர் மட்டும் மறையவில்லை. வழக்குகளும் காலத்தாழ்வும் கடந்து, 1976-ஆம் ஆண்டில்தான் அது முடிவுக்கு வந்து மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடெங்கும் வந்ததும் அதே 1976-இல்தான்.

இங்கே வரலாறு நம்மைச் சற்று நிற்க வைக்கிறது. 1976 என்பது நெருக்கடி நிலைக் காலம். எழுதவும் பேசவும் கூடவும் இருந்த உரிமைகளை நாடு இழந்திருந்த நேரம். தமிழகத்திலும் அவ்வாண்டு சனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. சமவெளியினர் விடுதலையை இழந்து நின்ற ஆண்டே மலைவாழ் மக்கள் அதன் முதல் துளியைச் சுவைத்த ஆண்டு. இதைக் கொண்டு நெருக்கடி நிலையை நியாயப்படுத்த இயலாது. ஆனால் விடுதலை நிலவிய 28 ஆண்டுகளில், விடுதலையை நேசித்த நம்மில் எத்தனை பேர் அம்மலையை நிமிர்ந்து பார்த்தோம் என்ற கேள்வியைத் தவிர்க்கவும் இயலாது. கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாய் வந்துகொண்டுதான் இருந்தன. சுமையைப் பார்த்தோம், விலை பேசினோம், சுமந்தவரைப் பார்க்கவில்லை. அப்படியானால் பார்வையற்றோர் நாடு எது? மலைமேல் இருந்ததா, கீழே இருந்ததா?

இறங்கி வந்தவர்கள்

வழி திறந்தபின் என்ன நிகழ்ந்தது? கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சாலை ஏறியது. பள்ளிகள் வந்தன, மருத்துவ நிலையங்கள் வந்தன. இவை சிறிய செய்திகள் அல்ல. ஆனால் சாலை இருவழிப் பாதை. ஏறிவந்தது எது, இறங்கிப்போனது யார் என்பதையும் கணக்கிட வேண்டும். சாமையும் தினையும் விளையும் மலையில் ஆண்டு முழுவதும் பிழைப்புக்கு வழி இல்லை. காலங்காலமாய் உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. காட்டுரிமைச் சட்டம் 2006-இல் வந்தபின்னும் உரிமைக்கான காத்திருப்பு நீண்டது. எனவே இளைஞர்கள் இறங்கினர். தரகர்கள் அவர்களைச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துச் சென்றனர்.

2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் சவ்வாது மலை, சித்தேரி மலை போன்ற மலைகளிலிருந்து சென்றோர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கல்வராயனின் கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தப்பிவந்தோரின் வழித்தோன்றல்கள் மறுபடியும் தப்பியோட வேண்டியவர்களாயினர். இம்முறை அவர்களைக் காக்க மலை அருகில் இல்லை. மருந்து தேடி வெள்ளிக்கட்டியோடு இறங்கி, சுரங்கத்தில் மடிந்த அந்த இளைஞனை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா?

பின்னர் 2024 சூன் மாதம் வந்தது. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த நஞ்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் பலர் வாயிலும் கல்வராயன் மலையின் பெயர் ஒலித்தது. சாராயம் காய்ச்சும் மலை, ஊறல் போடும் மலை என்பதே அதற்கு நாம் தந்திருந்த அடையாளம். ஆனால் மெத்தனால் மலையில் விளைவதன்று. ஆலைகளுக்கு உரிய நஞ்சு அது. மலையில் ஊறல் இருந்ததை மறுப்பதற்கில்லை. வேறு பிழைப்பின்றி அடுப்பு மூட்டியவர் உண்டு; அவரை முன்னிறுத்திப் பொருள் சேர்த்தவரும் உண்டு. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. குற்றத்தைத் தேடிச் சென்ற கண்கள் இறுதியில் மனிதரைக் கண்டன. அதற்கு அத்தனை பிணங்கள் வேண்டியிருந்தன என்பதுதான் நம் காலத்தின் துயரம்.

மறைநூல் காட்டும் பாலை

நம் திருவிவிலியமும் தப்பிச் செல்வோரின் நூலே. ஆகார் தன் மகனோடு பாலைநிலத்தில் அலைகிறாள். தாவீது சவுலுக்கு அஞ்சிக் குகைகளில் ஒளிகிறார். எலியா ஈசபேலுக்குத் தப்பிப் பாலையில் சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுக்கிறார். யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குச் செல்கிறார். அந்த யோசேப்பைத் தலைவராகக் கொண்டுதான் வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார். 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில் எகிப்துப் பயணம் சிறப்பிடம் பெறுகிறது. அவர் பெரியநாயகி அன்னைக்கு எழுப்பிய கோணாங்குப்பம் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் நடந்தும் வண்டியேறியும் நம்மவர் செல்கின்றனர். கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர்களிலிருந்து அது தொலைவில் இல்லை.

இப்பயணங்கள் அனைத்திலும் ஒரு பொது அமைதி உண்டு. பாலை கொடியது, ஆனால் அதில் ஒருவர் வருகிறார். ஆகாருக்குக் கிணற்றைக் காட்ட வானதூதர் வருகிறார். எலியாவுக்கு அப்பமும் நீரும் வருகின்றன. அதைவிடச் சிறந்தது, திரும்பும் வழி மூடப்படுவதில்லை என்பதாம். ஓரேபு மலையில் ஒளிந்த எலியாவிடம் ஆண்டவர், இங்கே உனக்கு என்ன வேலை என்று வினவி, வந்த வழியே அனுப்புகிறார். ஏரோது இறந்தபின் யோசேப்புக்குத் திரும்புமாறு கட்டளை வருகிறது. இறைவன் தரும் அடைக்கலம் ஒருபோதும் சிறையாவதில்லை. அதற்கு வாயில் இருமருங்கிலும் உண்டு. மனிதர் தரும் அடைக்கலமோ, பூட்டுப் போட்டதாகவே பெரும்பாலும் அமைகிறது.

வெல்ஸ் தம் கதையின் முடிவை 1939-இல் மாற்றி எழுதினார். மலைமுகட்டில் விரிசல் ஒன்று வளர்வதை நூனியெஸ் தன் கண்ணால் காண்கிறான். எச்சரிக்கிறான், எவரும் செவிகொடுக்கவில்லை. பள்ளத்தாக்கு மண்ணில் புதைகிறது. அவனும் அவன் விரும்பிய பெண்ணும் மட்டும் தப்புகின்றனர். கண்டவன் சொன்னான், கேட்டவர் இல்லை என்னும் இம்முடிவு முதல் முடிவைவிடக் கசப்பானது. ஒண்டிமிட்டாவும் கருணாபுரமும் நமக்குத் தெரிந்த விரிசல்களே.

ஆற்றுப்படை என்றால் வழிகாட்டி அனுப்புதல். துயருற்றோரைத் தேற்றும் பணியை நம் திருச்சபை வழக்கிலும் ஆற்றுப்படுத்துதல் என்றே அழைக்கிறோம். மலைபடுகடாத்துக் கூத்தன் தான் பெற்ற பரிசிலைத் தனக்கே வைத்துக்கொள்ளவில்லை, வழியைச் சொன்னான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், நிலத்தோடு பிணைந்து வாழும் பழங்குடியினர்மீது தனி அக்கறை வேண்டும் என்றும், அவர்களைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களோடு முதலில் உரையாட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நாம் மலைக்கு எதை எடுத்துச் செல்லலாம் என்று எண்ணுவதற்கு முன், மலையிலிருந்து இறங்கி வருபவர் எதைக் கேட்கிறார் என்று செவிமடுப்பதே ஆற்றுப்படுத்துதலின் முதல் படி.

வெல்ஸின் இளைஞன் ஒரு குருவிடம் தன் மக்களின் துயரைச் சொன்னதாகக் கதை கூறுகிறது. அக்குரு கூர்ந்து கேட்டார். புனிதப் பொருள்களையும் கொடுத்திருக்கலாம். வழி அடைபட்டது என்று அறிந்தபின் அவர் என்ன செய்தார் என்று கதையில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது வெல்ஸின் வேலை அன்று. குறிஞ்சியைப் பாலையாக்கியது மனிதர் என்றால், பாலையைக் குறிஞ்சியாக்கவும் மனிதரால் இயலும். கோமுகி ஆறு இன்றும் மேலிருந்துதான் இறங்கி வந்து நம் வயல்களை நனைக்கிறது. அதன் கரைவழியே மேலே செல்லும் கடமை நமக்கு இருக்கிறது.